ஏகாம்பரம் திருத்தச் சொன்ன ஒரு வரி

செய்தி வந்தபோது நான் மயிலாப்பூர் தெற்கு மாடவீதியில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நுனியை ஒடித்தே காயின் வயதைச் சொல்லிவிடும் வல்லமையில் ஆசியாக் கண்டத்தில் எனக்கு நிகரில்லை என்று அந்தக் கடைக்காரரிடம் நிரூபித்துக்கொண்டிருந்த நேரம். போன் அடித்தது. கஸ்தூரி.

"மாமா, அவரு காலைல போயிட்டாரு. மாரடைப்புன்றாங்க. வர்ற செவ்வாக்கெழம கேசு கீது, மறந்துடாதீங்க."

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. புருஷன் போன காலையில் கேஸ் தேதியை நினைவுபடுத்துகிறவள் எப்படிப்பட்டவள் என்று யாராவது கேட்டால், ஏகாம்பரத்தோடு குடித்தனம் நடத்தியவள் என்பதே என் பதில்.

தி.நகரில் அந்த ஏழு மாடி ஜவுளிக்கடையின் லிஃப்டில் ஏறியவர்கள் அத்தனை பேருக்கும் அவரைத் தெரியும். பதினாறு வருடம் அதை ஓட்டினார். ஏறியதையும் இறங்கியதையும் கூட்டிப் பார்த்தால் நிலவுக்குப் போய், அங்கே ஒரு காப்பி சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய தூரம் வரும் என்று நான் ஒருநாள் கணக்குப் போட்டுச் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "ஏழு மாடிதான் மாமா. ஏறினா எறங்கணும், அவ்ளோதான்."

எங்கள் நட்பு நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் தொடங்கியது. தீபாவளிக் கூட்டம். உள்ளே நான், என் மனைவி, என் மனைவி வாங்கிய புடவைகள், மேலும் ஆறு பேர். மின்சாரம் போய் லிஃப்ட் நின்றது. கால் மணி நேரம் என்று கடையில் பிறகு சொன்னார்கள். நான் மூன்று யுகம் என்று சொல்லிவருகிறேன். ஒரு அம்மாளுக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. முகம் வெளுத்து, "நான் செத்துடுவேன், கதவைத் திறங்க" என்று கையால் கதவை அறைந்தாள். ஏகாம்பரம் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, அவளுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் இப்டிதாம்மா வரும். பட்டாளத்துல வந்துச்சு. செத்துருவோம்னு தோணும், ஆனா சாவ மாட்டோம். என்னைப் பாத்துகினு மூச்ச எண்ணு."

அந்த அம்மாள் எண்ணினாள். நாங்கள் எல்லோரும் கூடவே எண்ணினோம். லிஃப்ட் நகர்ந்தபோது என் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "பாருங்கோ, நாலு பேர் நடுவுல தன் வியாதிய சொல்லிக்கறதுக்கு ஒரு தைரியம் வேணும்." எனக்கு அது அப்போது புரியவில்லை. புரிந்திருந்தால் பிற்பாடு அவ்வளவு பெரிய பிழையைச் செய்திருக்க மாட்டேன்.

மந்தைவெளியில் நான் வைத்திருக்கும் டைப்பிங் கடைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். துணிப்பையில் ஒரு சின்னப் புத்தகம். ராணுவத்திலிருந்து வெளியே வருகிறவர்களுக்குக் கொடுக்கும் விடுவிப்புப் புத்தகம். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: ஒழுங்கீனத்தால் விரும்பத்தகாதவர், சேவை இனித் தேவையில்லை. அதைச் சுட்டிக்காட்டி, "இது பொய் மாமா. இத மாத்தணும்" என்றார்.

நடந்ததை அவர் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன்; இதில் மட்டும் என் கைவரிசை இல்லை. உயரமான மலைக்காவலில் இருந்தபோது ஒரு பகல் பனி சரிந்து கூடாரத்தை மூடியது. உள்ளே இருந்தவன் இவருடைய கூட்டாளி. மூன்று மணி நேரம் தோண்டினார்கள். முதல் ஒரு மணி நேரம் உள்ளிருந்து குரல் கேட்டது. பிறகு கேட்கவில்லை. ஏகாம்பரத்துக்கு மட்டும் அதற்குப் பிறகும் கேட்டது. கீழே இறங்கி வந்த பிறகும், பரேடு மைதானத்திலும், சாப்பாட்டு வரிசையிலும் கேட்டது. குரல் மண்ணுக்கடியிலிருந்து வருவதாக நினைத்து, வெளியே தரையில் கால் வைக்கப் பயந்து ஸ்டோர் அறையிலிருந்து வெளியே வர மறுத்தார். லீவில் ஊருக்கு வந்து திரும்பிப் போகவில்லை. ஒவ்வொன்றுக்கும் தண்டனை, ஒவ்வொரு தண்டனைக்கும் ஏட்டில் சிவப்பு மையில் ஒரு பதிவு. நாலு சேர்ந்ததும் அனுப்பிவிட்டார்கள். ஒரு டாக்டரிடமும் காட்டவில்லை.

"பத்து வருஷத்துல ஒரு செவப்பு மை கெடையாது. அப்பால எட்டு மாசத்துல நாலு. ஒரு மனுஷன் திடீர்னு கெட்டவனா ஆவானா, இல்ல திடீர்னு நோவு வருமா? நீயே சொல்லு."

சென்னைக்கு வந்த பிறகு கஸ்தூரிதான் கையைப் பிடித்து மனநல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மருந்து கேட்டது. குரல் போயிற்று. ஜவுளிக்கடையில் டீ வந்ததும், எல்லார் எதிரிலும் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு அதே டீயால் விழுங்குவார். அந்த ஆஸ்பத்திரிச் சீட்டுகள் அத்தனையையும் தேதிவாரியாக அடுக்கிப் பையில் வைத்திருந்தார்.

நான் களத்தில் குதித்தேன். என் டைப்ரைட்டர் சத்தம் கேட்டால் தாசில்தார் அலுவலக நாற்காலிகள் தானாக எழுந்து நிற்கும் என்பது என் கட்சி. ராணுவத் தலைமைக்கு மேல்முறையீடு, நாலு பக்கம், ஆங்கிலம். ஆறடிப் பனி என்றார், முப்பது அடி என்று அடித்தேன். மூன்று மணி நேரத்தை மூன்று நாள் ஆக்கினேன். இவையெல்லாம் சின்னக் குற்றங்கள். கடைசிப் பத்தியில், அவருடைய மானத்தைக் காப்பதாக நினைத்துக்கொண்டு, இப்படி எழுதினேன்: "மனுதாரர் பணிக்காலம் முழுவதும் பூரண மனநலத்துடனும் சிங்கத்துக்கு ஒப்பான உறுதியுடனும் விளங்கினார்." அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

பதில் அரைப் பக்கம்தான் வந்தது. பணிக்காலம் முழுவதும் பூரண மனநலத்துடன் இருந்ததாக மனுதாரரே கூறுகிறார், எனவே குற்றங்கள் தெரிந்தே செய்யப்பட்டவை, மேல்முறையீடு தள்ளுபடி.

கோட்டூர்புரம் குடியிருப்பில் அவர் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அதை நான்தான் தமிழில் படித்துச் சொன்னேன். கஸ்தூரி தையல் மெஷினை நிறுத்திவிட்டாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"மாமா, பட்டாளம் என்னைக் கெட்டவன்னு சொல்லிச்சு. நீ சிங்கம்னு சொல்ற. எனக்கு உடம்பு சரியில்லன்னு யாருமே எழுத மாட்டீங்களா?"

அன்று முதல் முறையாக, எதையும் கூட்டாமல் உண்மையைச் சொன்னேன். என் அக்கா இருபது வருடம் மனம் பேதலித்து எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தாள். வருகிறவர்கள் கேட்டால் மௌன விரதம் என்று சொல்லும்படி எங்களைப் பழக்கியிருந்தார்கள். நான் அதோடு நிறுத்தாமல் இமயத்திலிருந்து ஒரு சாமியார் தீட்சை கொடுத்ததாகவும் சேர்த்துக்கொள்வேன். சிலர் வாசலில் நின்று அவள் இருந்த திசையைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். கும்பிடு கிடைத்தது. மருந்துதான் கிடைக்கவில்லை. அப்படியே போய்ச் சேர்ந்தாள்.

ஏகாம்பரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உங்கக்காவுக்கு விரதம், எனக்கு வீரம். ரெண்டு பேருக்கும் நோவுன்னு சொல்ல ஆளில்ல. சரி உடு, மறுபடி எழுதலாம்." கஸ்தூரி மட்டும் விடவில்லை. ஒரு மாதம் எனக்கு டீயில் சர்க்கரை போடவில்லை.

அதே சமயத்தில் ஜவுளிக்கடையில் ஒரு கூத்து. தீபாவளிக்காக லிஃப்ட்காரர்களுக்கும் காவல்காரர்களுக்கும் புதுச் சீருடை தைத்தார்கள். தோளில் தங்க ஜரிகை, மூன்று நட்சத்திரம், நெஞ்சில் இரண்டு பதக்கம். ஏகாம்பரம் பிளேடால் நட்சத்திரங்களையும் பதக்கங்களையும் பிரித்து, ஒரு கவரில் போட்டு, முதலாளி மேஜையில் வைத்துவிட்டார். முதலாளி தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி.

"ஏம்டே, எல்லாவனும் போடுதான், உனக்கு மட்டும் என்ன குத்துதா?"

"வாங்காத நட்சத்திரத்த போட மாட்டேன் அண்ணாச்சி. வாங்காத கெட்ட பேரையும் வச்சுக்க மாட்டேன். ரெண்டும் ஒண்ணுதான்."

அண்ணாச்சி கவரைப் பிரித்துப் பார்த்து, மூடி, டிராயரில் போட்டார். "சரி, பட்டனாவது இருக்கட்டும். சட்டை திறந்து கெடந்தா நல்லாவா இருக்கும்?"

பிறகு ராணுவத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டோம். அடையாறில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு வக்கீலம்மா எடுத்துக்கொண்டார். என் நாலு பக்கக் காவியத்தைப் படித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சார், இதை எழுதினது நீங்கதான்னு ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தாகணும்." கொடுத்தேன். மிகைப்படுத்தியதற்காகச் சத்தியம் செய்து கையெழுத்திட்ட முதல் மனிதன் உலக சரித்திரத்தில் நானாகத்தான் இருப்பேன். என் கையெழுத்து அவ்வளவு சின்னதாக விழுந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

விசாரணை நாளில் அரசு வக்கீல் அந்த மேல்முறையீட்டைத் தூக்கிக் காட்டினார். நீதிபதி ஏகாம்பரத்தை நேராகப் பார்த்துத் தமிழில் கேட்டார்: "எவ்வளவு பனி விழுந்தது?"

"ஆறடிங்க ஐயா."

"இதில் முப்பது என்று இருக்கிறதே?"

ஏகாம்பரம் திரும்பி என்னைக் காட்டினார். "பாக்கி இருபத்து நாலடி இவரு கொட்டுனதுங்க."

நீதிமன்றமே சிரித்தது. அரசு வக்கீலும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவர் தொடர்ந்தார்: "ஆனா ஆறடியே போதும்ங்க ஐயா, ஒரு ஆளு சாவறதுக்கும் இன்னொரு ஆளுக்குப் பைத்தியம் புடிக்கிறதுக்கும்." மருத்துவக் குழு ஒன்று அவரைப் பரிசோதித்து, அந்தக் காலத்தில் என்ன நிலையில் இருந்திருப்பார் என்று சொல்ல வேண்டும் என உத்தரவாயிற்று.

குழுவுக்குப் போகும் முன் நான் ஆலோசனை சொன்னேன். சவரம் செய்யாதே. கேட்டால் கூரையைப் பார்த்துப் பதில் சொல். நடுவில் ஒருமுறை காரணமில்லாமல் சிரி. அவர் மறுநாள் முகம் மழமழவென்று, இஸ்திரி போட்ட சட்டையோடு போய் நின்றார். இப்போது நன்றாகத்தானே இருக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டாராம். "இப்ப நல்லா கீறேன் சார். இப்ப மாத்திர குடுக்குறாங்க. அப்ப செவப்பு மை குடுத்தாங்க" என்றாராம். பணியில் இருந்தபோதே நோய் தொடங்கியிருக்கிறது என்று குழு எழுதிக்கொடுத்தது. மிஞ்சியது கடைசி விசாரணை ஒன்றுதான். அதற்கு ஆறு நாள் இருக்கும்போது ஏகாம்பரம் போய்விட்டார்.

உறவுக்காரர் ஒருவர் கிரியை நடக்கும்போதே கஸ்தூரியிடம், "ஆளே போயிட்டாரு, இன்னும் எதுக்கு கோர்ட்டு, கேசு" என்றார். அவள் நேரே என்னிடம் வந்து, "மாமா, என் பேர்ல மனு அடிங்க" என்றாள். அவருடைய இடத்தில் மனைவியைச் சேர்க்கக் கோரும் மனு. ஒரே பக்கம். என் வாழ்நாளில் நான் அடித்தவற்றுள் ஒரு அலங்காரமும் இல்லாத பக்கம் அது.

செவ்வாய்க்கிழமை அரசு வக்கீல், மனுதாரரே இல்லாத நிலையில் திருத்துவதற்கு என்ன இருக்கிறது என்று மரியாதையாகவே கேட்டார். நீதிபதி கஸ்தூரியைப் பார்த்தார்.

"அவரு செத்துட்டாருங்க ஐயா. அந்த புக்கு சாவல. பீரோல கீது. நாளைக்கி எம் பொண்ணு எடுத்துப் படிச்சா, அவங்கப்பன் ஒழுங்கு கெட்டவன்னுதான் போட்டுக்கீது. அவரு ஒடம்பு கெட்டவரு. அத போடச் சொல்லுங்க. வேற ஒண்ணியும் வாணாம்."

மனுதாரர் இடத்தில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. வெளியே வந்ததும் வக்கீலம்மாவிடம், "இவங்க ஆவாதுன்னுட்டா அப்பால எங்க போவணும்?" என்று கேட்டாள். டில்லி என்றார் அவர். கஸ்தூரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "டில்லியா. அப்ப ஸ்வெட்டரு ஒண்ணு எடுக்கணும்."

லிஃப்டிலும் கோட்டூர்புரத்திலும் அவரை அறிந்த உங்களுக்கு நான் இதைச் சொல்லியாக வேண்டும். அவருக்கு மாவீரன் என்று சுவரொட்டி ஒட்ட நினைக்கிறவர்கள் தயவுசெய்து ஒட்டாதீர்கள். பாவம், புத்தி பேதலித்தவர் என்று உச்சுக்கொட்டுகிறவர்கள் அதையும் நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் நோய்வாய்ப்பட்ட சிப்பாய். நோய்க்குத் தண்டனை கொடுத்தார்கள். அதை ஒப்புக்கொள்ளச் சொல்லிக் கடைசி வரை கேட்டார். இவ்வளவுதான். இதில் கூட்டவும் ஒன்றுமில்லை, குறைக்கவும் விட மாட்டோம்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று கேட்டால், போன வாரம் என் டைப்பிங் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தகப்பனார் வந்தார். மகள் கல்லூரிக்கு இரண்டு மாதமாகப் போகவில்லை, லீவுக் கடிதம் வேண்டும். "மஞ்சள் காமாலைன்னு போட்டுடுங்க சார்."

"என்ன உடம்புக்கு?"

தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அதையே போடுவோமே" என்றேன்.

"நாளைக்கு அவளுக்குக் கல்யாணம் காட்சின்னு இருக்கு சார்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, ஏகாம்பரத்தைப் பற்றிச் சொன்னேன். முழுவதும் கேட்டார். கடைசியில், "கேஸ் ஜெயிச்சுதா?" என்றார்.

"இன்னும் இல்லை."

நாற்காலியை என் டைப்ரைட்டர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"சரி சார். உள்ளதையே அடிங்க."

அடித்தேன்.