கற்பூரம் கொளுத்தாத அடுப்பு

ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்பு பார்ப்பவனுக்கு முழுத் தூக்கமும் கிடையாது, முழு விழிப்பும் கிடையாது. இரண்டுக்கும் நடுவே புகைமூட்டமாக ஓர் இடம் இருக்கிறது, அவன் குடியிருப்பு அங்கேதான். எழுபதுகளின் கடைசியில், போடிமெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில், நானும் சில பருவங்கள் அங்கே குடியிருந்தேன்.

வேலை இதுதான். பறித்து வந்த பச்சைக் காயைக் கம்பி வலைத் தட்டுகளில் பரப்பி அறையைச் சாத்திவிடுவோம். அறைக்குள் ஓடும் இரும்புக் குழாயை வெளியே உள்ள விறகு அடுப்பு சூடாக்கும். ஒன்றரை நாள் சூடு ஒரே சீராக இருக்க வேண்டும். கூடினால் காய் கருகும், குறைந்தால் வெளுக்கும். பச்சை பச்சையாகவே காய்ந்து இறங்கினால்தான் போடிச் சந்தையில் அதற்கு மரியாதை. ஊரோடு எல்லாவற்றிலும் ஒத்துப்போய், ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் முடியாமல் நின்றவர்களாக உங்களில் சிலர் இருப்பீர்கள். உங்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

முதல் தீ

பருவத்தின் முதல் அடுப்பை அந்தத் தோட்டத்தில் சும்மா பற்றவைக்க மாட்டார்கள். அடுப்பு வாயில் ஒரு விறகுக் கட்டையை வைத்து, அதன்மேல் மலைச்சாமியை நினைத்துக் கற்பூரம் வைப்பார்கள். அடுப்புக்காரன்தான் தன் கையால் கொளுத்திக் கும்பிட வேண்டும். அந்தச் சுடரிலிருந்துதான் அடுப்புக்குத் தீ போக வேண்டும். நான் அங்கே சேர்ந்து நான்கு நாள் ஆகியிருந்தது. இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை.

பறிக்கிற பெண்கள் சுற்றி நின்றார்கள். கங்காணி பெரியகருப்பன் கற்பூரத்தை நீட்டினார். எனக்கு அது கும்பிடுவது. நான் கும்பிடுவது வேறொருவரை. வேறு யாராவது கொளுத்தட்டும், நான் தள்ளி நிற்கிறேன், பிறகு தீக்குச்சியில் அடுப்பைப் பற்றவைக்கிறேன் என்றேன். கங்காணி சத்தம் போடவில்லை. கற்பூரத்தை வாசலுக்குக் கொண்டுபோய்த் தானே கொளுத்திக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார். நான் கண்ணை மூடி ஒரு நிமிடம் ஜெபித்துவிட்டுக் குச்சியைக் கிழித்தேன். ஈர மலையில் அது மூன்றாவது குச்சியில்தான் பிடித்தது. மூன்றையும் எல்லோரும் எண்ணினார்கள். போகும்போது கங்காணி சொன்னார்: “காய் வெளுத்துச்சுன்னா நீங்களா எறங்கிப் போயிரணும், வேதக்காரரே. நாங்க சொல்ற மாதிரி வச்சுக்கிறாதீக.”

வர்க்கியின் கேள்வி

விறகு பிளக்கிற வர்க்கி எல்லைக்கு அந்தப் பக்கத்து மலையாளி. அவனும் கிறிஸ்தவன்தான், கழுத்தில் சிலுவை தொங்கும். கேட்டிருந்தால் எனக்காக அவனே கற்பூரம் கொளுத்தியிருப்பான். நான் மறுத்ததில் அவனுக்கு வருத்தம், கொஞ்சம் வெட்கமும்கூட. கங்காணி முகத்தில் தினமும் விழிக்க வேண்டுமே.

கோடாலியைக் கட்டையில் ஊன்றிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பனி எங்கள் இருவருக்கும் நடுவே புகுந்து, அவன் குரல் மட்டும் தனியாக வந்தது. தேவாலயத்தைப் பள்ளி என்கிற தன் மலையாளப் பேச்சில் கேட்டான்: “எங்க பள்ளியில மாதாவுக்கு மெழுகுதிரி கத்திக்கறதல்லே, சாமுவேலே? அவங்க கற்பூரம் கொளுத்தறாங்க. தீக்கு அறியுமோ அது ஏது மதம்னு?”

ஞாயிற்றுக்கிழமை

சனிக்கிழமை பறித்த காய்க்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தெரியாது. அது காய்ந்தாக வேண்டும். ஆகவே நான் போடியில் உள்ள எங்கள் சபைக் கோயிலுக்குப் போனதில்லை. அடுப்பில் விறகை அடுக்கிவிட்டு, ஸ்டோருக்குப் பின்னால் உள்ள பாறையில் வேதாகமத்தோடு உட்காருவேன். பனி விலகினால் கீழே போடி தெரியும், உள்ளங்கையில் சிதறிய ஏலரிசி மாதிரி. அங்கே எங்கள் கோயில் மணி அடிப்பது இவ்வளவு உயரத்துக்குக் கேட்காது. எனக்குக் கேட்கும்.

பறிக்கிற பேச்சியம்மா காய்க் கூடையோடு அந்த வழியாகத்தான் வருவாள். ஒருநாள் எனக்குப் பின்னால் வெகுநேரம் நின்று பார்த்திருக்கிறாள். கீழே போடியும் இல்லை, மரமும் இல்லை, ஒரே வெள்ளை. அவள் கூடையை இறக்காமலே கேட்டாள்: “எங்க சாமிக்காச்சும் ஒரு கல்லு நட்டு வச்சிருக்கோம். நீங்க பனியவே பாத்துக்கிட்டு இருக்கீகளே, அண்ணே, அதுல என்னத்தத் தெரியுது?”

வெளுத்த காய்

அடைமழை தொடங்கி ஐந்தாம் நாள். மத்தியானமே விளக்கு வைக்கிற இருட்டு. ஸ்டோர் முழுக்க ஏலக்காய் மணம், அடுப்பின் கணகணப்பு, தகரத்தில் மழை. நான் கண்ணை மூடவில்லை என்றுதான் நினைத்தேன். போடிக் கோயிலின் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு முடியவேயில்லை, முடிய வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

விழித்தபோது அடுப்பில் சாம்பல். அறைக்குள் கை வைத்தால் குழாய் சில்லென்றிருந்தது. மறுநாள் தட்டுகளை இறக்கியபோது காய் பழைய துணி நிறத்தில் இருந்தது.

கங்காணி ஒரு காயை நகத்தால் கீறிப் பார்த்தார். நான் எதிர்பார்த்தது போல அவர் கோபப்படவில்லை. என்னைத் தனியாக அழைத்துப்போய் நல்லதுதான் சொன்னார். முதலாளி நாளை ஜீப்பில் வருகிறார். அசந்துபோனேன் என்று சொன்னால் வேலை போய்விடும். தெய்வ காரியம் என்றால் அவர் ஒரு வார்த்தை பேச மாட்டார். கற்பூரத்தைக் கங்காணி மடியிலேயே வைத்திருந்தார். “சாமி குத்தம்னு சொல்லி இதக் கொளுத்திருங்க. வெரசா சோலி முடிஞ்சிரும்.”

முதலாளி

ஆக, வேலையைக் காப்பாற்றிக்கொள்ள இரண்டே காரியம்: ஒரு பொய், ஒரு கும்பிடு. அன்று முழுக்க இரண்டையும் மனதுக்குள் செய்து பார்த்தேன். பொய் எளிதாகத்தான் இருந்தது. ஆனால் நான் நம்பாத சாமியாக இருந்தாலும், செய்யாத குற்றத்தை அதன்மேல் போடுவது பொய்ச்சாட்சிதான். ட்ரங்குப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு வாசலில் நின்றேன்.

முதலாளி போடிக்காரர், அதிகம் பேசாதவர். வெளுத்த காயை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு, ஏன் என்று கேட்டார். தூங்கிவிட்டேன் என்றேன். கனவில் எங்கே போயிருந்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. கங்காணி தலையைக் குனிந்துகொண்டார். முதலாளி பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வர்க்கியைப் பார்த்தார். “அடுப்ப அவன் பாக்கட்டும். நீ போயி விறகு பொள, சாமுவேலு. தூங்குனா கோடாலி எழுப்பிவிடும்.”

சாவி

வர்க்கி நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, அடுப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது என்று, முழு மரியாதையோடு கற்பூரம் கொளுத்தினான். பெண்கள் குலவை போட்டார்கள். நான் மழையில் விறகு பிளந்தேன். அந்த மாதக் கடைசியில் அவன் கஞ்சி குடிக்கப் போன இடத்தில் பேச்சு நீண்டு, அடுப்பு கொழுந்துவிட்டு, ஓர் அறைக் காய் முழுதும் பழுப்பாகக் கருகிப்போனது. வர்க்கி கொஞ்சமும் தயங்காமல் சாமி குத்தம் என்றான்.

கங்காணி அன்று சாயங்காலம் நான் விறகு அடுக்குகிற இடத்துக்கு வந்தார். ஸ்டோர் சாவியைக் கட்டைமேல் வைத்தார். முதலாளியிடம் தானே பேசிவிட்டதாகவும், கற்பூரத்தை இனி வாசலில் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். பிறகு ஒரு விறகை எடுத்து அடுக்கில் சரியாக வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “இத்தன வருசமா வெளுத்ததுக்கும் கருகுனதுக்கும் எங்க சாமி மேலதான் பழி போட்டாய்ங்க, கும்பிட்டவய்ங்க பூராம். அதுமேல பழி போடாதது நீங்க ஒருத்தருதான்.”

அதற்குப் பிறகு அந்த ஸ்டோரில் காய் வெளுத்தால் எந்தச் சாமியையும் யாரும் கேட்கவில்லை, என்னை மட்டும்தான் கேட்டார்கள்.