தராசுக்காரர் வீட்டு நாய்

நாய் வந்த இருபத்திரண்டாம் நாள் காலையிலும் அது நடந்தது. முக்கால் மணி நேரம் தெருத்தெருவாகச் சுற்றியும் ஒரு சொட்டுக்கூட விடாமல் இரண்டாம் மாடிக்கு ஏறி வந்த நாய், அவர் தம் வீட்டுக் கதவின் இரண்டு பூட்டுகளையும் திறந்து முடிப்பதற்குள் எதிர்வீட்டு மிதியடியை நனைத்துவிட்டிருந்தது. சாவியும் கையுமாக அவர் திரும்பியபோது, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, வாலை வயிற்றுக்கடியில் மடக்கி, விழப்போகும் அடிக்காகக் கண்களை மூடி நின்றது.

அவர் அடிக்கவில்லை. அடிக்கும் வழக்கம் அவருக்கு என்றுமே இருந்ததில்லை. பார்க்கும் வழக்கம்தான் உண்டு. இமைக்காமல் பார்த்தார்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அங்கே குடியிருப்பவர்தான் அந்தக் கட்டடத்துச் சங்கத்தின் செயலாளர்.

"மறுபடியுமா சார்?"

"மன்னிச்சுக்குங்க. இப்பவே துடைச்சுடறேன்."

"துடைக்கிறது உங்க வேலை, மிதிக்கிறது என் வேலைன்னு ஆயிடுச்சு. இதோட எட்டு தடவை."

"ஆறு" என்றார் அவர். எண்ணிக்கையில் பிழை வந்தால் அவருக்குப் பொறுக்காது.

"ஆறாவே இருக்கட்டும். கேக்கறவங்களுக்கு நான்தானே பதில் சொல்லணும்? மாசக் கடைசி வரைக்கும் பாருங்க. அப்பவும் இப்படின்னா, எங்கேருந்து கொண்டுவந்தீங்களோ அங்கேயே விட்டுடுங்க. எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு."

மாதம் முடிய எட்டு நாள்கள் இருந்தன.

அவர் கடை கடையாகச் சென்று தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரையிடும் ஆய்வாளராக முப்பத்தைந்து ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். கடைத்தெருவில் அவருக்குத் தராசுக்காரர் என்றே பெயர். வெல்வெட்டுத் துணி விரித்த மரப்பெட்டியில் அவர் சுமந்து சென்ற பித்தளைப் படிக்கற்களை ஒருநாளும் வெறுங்கையால் தொட்டதில்லை. விரலின் வியர்வை பட்டாலும் எடை மாறிவிடும் என்று சாமணம் என்னும் சின்ன இடுக்கியால்தான் எடுப்பார். அவர் தெருமுனையில் தலைகாட்டினாலே கடைகளில் பேச்சு அடங்கும். தொப்பை உள்ளே போகும். தராசுகள் ஒழுங்காக நிற்கும். அவர் ஓய்வு பெற்ற நாளன்று மளிகைக்கடைக்காரர் ஒருவர் துணிந்து சொன்னார்: "ஐயா, நீங்க பாத்துக்கிட்டு இருக்கிற வரைக்கும் என் தராசு தங்கம். நீங்க அந்தப் பக்கம் போனாத்தான் அதுக்குச் சொந்தப் புத்தி வரும்." எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார்.

மனைவி, மகளின் பிரசவத்துக்கென்று மூன்று மாதத்துக்குத் துணி எடுத்துக்கொண்டு புறப்பட்டுப் போய் ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. சண்டை என்று எதுவும் இல்லை. குழந்தைக்குப் பல் முளைக்கட்டும் என்றாள், நடக்கட்டும் என்றாள், இப்போது பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தொலைபேசியில் பேசுவாள். மருந்து சாப்பிட்டீர்களா, தண்ணீர் வருகிறதா என்று கேட்பாள். பிறகு இருவருக்கும் பேச ஒன்றும் இராது. ஒரு ஞாயிறன்று, மணியடித்து அவர் எடுத்தபோது, தொண்டையிலிருந்து குரலே எழும்பவில்லை. முந்தைய ஞாயிறுக்குப் பிறகு வாய் திறந்து ஒரு சொல்லும் பேசவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மறுநாளே ஊருக்கு வெளியேயிருந்த நாய்கள் காப்பகத்துக்குப் போனார். மற்ற நாய்களெல்லாம் கம்பிமேல் தாவிக் குதித்தன. கடைசிக் கூண்டில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டை நாய், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அது வேண்டாம் சார்" என்றார் காப்பகத்து டாக்டரம்மா. "ரெண்டு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது. வீட்டுக்குள்ளேயே போயிடுதாம். அதுக்காக நல்லா அடிச்சிருக்காங்க."

"நான் அடிக்க மாட்டேன்."

"யாரும் அடிப்பேன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போறதில்லையே சார். மூணாவது தடவையும் திரும்பி வந்தா, இனிமே யாருக்கும் கொடுக்க மாட்டோம். கடைசி வரைக்கும் இந்தக் கூண்டுதான்."

அவர் கையெழுத்திட்டார். சாம்பல் என்றே பெயரும் வைத்தார்.

எந்த வேலையையும் முறைப்படி செய்பவர் இதையும் முறைப்படியே தொடங்கினார். நீளக் குறிப்பேட்டில் அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டார்: உணவு, தண்ணீர், புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், விளைவு. தினமும் நான்கு முறை வெளியே அழைத்துச் சென்றார். கட்டடத்தின் பின்புறக் காலிமனையில், சருகுகள் கிடக்கும் மூலையில் நாயை நிறுத்தி, இரண்டு முழக் கயிற்றின் மறுமுனையில் கைக்கடிகாரத்தோடு நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நாயும் அவரையே பார்த்துக்கொண்டிருக்கும். இருவரில் யாரும் அசைவதில்லை. இருபத்திரண்டு நாள்களாக விளைவு என்ற கட்டத்தில் 'இல்லை' என்றே எழுதி வந்தார். வீட்டுக்குள் மேசைக்கடியிலும், கதவு மூலையிலும், மாடிப்படி முடியும் இடத்திலும் மட்டும் விளைவுக்குக் குறைவில்லை. உணவிலும் இதே கதைதான். அவர் கூடத்தில் இருக்கும்வரை தட்டின் பக்கம் தலை திருப்பாது.

செயலாளர் கெடு விதித்த அன்று மாலையும் அதே மூலையில் நின்றார். கீழ்த்தளத்தில் தையல் இயந்திரம் வைத்திருக்கும் அம்மாள், சன்னலுக்கு அப்பாலிருந்து நெடுநேரமாக இந்தக் காட்சியைக் கவனித்துக்கொண்டிருந்தவள், ஊசியில் நூல் கோத்தபடியே குரல் கொடுத்தாள்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க இப்படி முறைச்சுப் பாத்துக்கிட்டு நின்னா, அதுக்கு என்ன, எனக்கே வராது."

அவருக்குச் சுருக்கென்றது. நாயை இழுத்துக்கொண்டு படியேறினார். பெண்பிள்ளை பேசுகிற பேச்சா இது என்று முதல் மாடிவரை முணுமுணுத்தார். இரண்டாம் மாடிக்கு வந்து முதல் பூட்டில் சாவியை நுழைத்தவர், அப்படியே நின்றுவிட்டார். முதுகுக்குப் பின்னால் நாயின் நகங்கள் மெல்ல நகரும் ஓசை கேட்டது. எதிர்வீட்டு மிதியடியை நோக்கித்தான். சட்டென்று திரும்பினார். நாய் உறைந்து நின்றது.

உள்ளே போய்க் குறிப்பேட்டைப் பிரித்துவைத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் நாளிலிருந்து படித்தார். ஆறு பத்துக்குக் கூடத்தில்: அவர் பால் வாங்கக் கீழே போயிருந்த நேரம். ஒன்றரைக்கு மேசையடியில்: குளித்துக்கொண்டிருந்த நேரம். மிதியடி ஆறு முறையும், அவர் முதுகைக் காட்டிப் பூட்டோடு போராடிய நேரம். நாய் என்ன தின்றது, எவ்வளவு குடித்தது, எத்தனை நிமிடம் நடந்தது என்பதற்கெல்லாம் அந்த ஏட்டில் கட்டம் இருந்தது. தாம் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதற்கு மட்டும் கட்டம் போடத் தோன்றவில்லை.

நாயைக் கட்டிவைத்து அடித்தவர்கள் அதற்கு வேறு ஏதோ கற்பிக்க நினைத்திருக்கலாம். அது கற்றுக்கொண்டது ஒன்றைத்தான்: மனிதன் பார்க்கும்போது செய்யாதே. கடைத்தெரு முழுக்க அறிந்திருந்த பாடம் அது.

அன்று அவர் வெகுநேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. அடுப்படி வாசல் நிலையில் சாய்ந்து நிற்கும் தம்மையே நினைத்துக்கொண்டார். குறை சொன்னதே கிடையாது, வெறுமனே பார்ப்பார். "என்னங்க, நீங்க வாசல்ல நின்னு பாத்தா உப்பு போட்டேனா இல்லையான்னே மறந்துபோகுது. கூடத்துல போய் உக்காருங்களேன்" என்பாள் மனைவி. அவள் விளையாட்டாகச் சொல்கிறாள் என்று முப்பது வருடம் எண்ணியிருந்தார்.

மறுநாள் காலை, துணி உலர்த்தும் கொடிக்கயிற்றை அவிழ்த்து நாயின் கழுத்துப்பட்டையில் கட்டினார். பதினைந்து முழ நீளம். சருகு மூலையில் நாயை விட்டு, எதிர்க்கோடியிலிருந்த மதில்சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். முப்பத்தைந்து ஆண்டு கண்ணால் பிழைத்தவருக்கு அது பெரும்பாடு. பிடரி குறுகுறுத்தது. கயிறு சற்றே தளர்ந்ததும் மனம் தாளாமல் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டார். பாதி உட்கார்ந்திருந்த நாய் பதறி எழுந்துகொண்டது. அன்று ஏழாவது முறையாக மிதியடியைத் துவைத்தார்.

அதற்கு மறுநாளும் பார்த்துவிட்டார். மிதியடி எட்டு. செயலாளர் சொன்ன கணக்கு இப்போது சரியாகிவிட்டது.

இருபத்தைந்தாம் நாள், கண்களை இறுக மூடிக்கொண்டு மதில்சுவரின் முன் நின்றார்.

"என்ன சார்?" தையற்கார அம்மாளின் குரல். "சுவரைப் பாத்துக்கிட்டு நிக்கறீங்க? வாத்தியார் யாராவது தண்டனை கொடுத்துட்டாரா?"

அவர் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். இயந்திரத்தின் கடகடப்பு நின்றது. அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். தெருவில் ஏதோ வண்டி போனது. பிறகு, காய்ந்த சருகின்மேல் நீர் விழும் ஓசை எழுந்தது. நெடுநேரம் அடக்கிவைத்தது, ஆகவே நெடுநேரம் கேட்டது. முடிந்த பிறகும் அவர் திரும்பவில்லை. சன்னலருகில் அம்மாள் மெதுவாக, "ஆச்சு சார்" என்றாள்.

கண்ணைத் திறந்தபோது மதில்சுவரின் காரை கலங்கலாகத் தெரிந்தது. இதை யாரிடமாவது உடனே சொல்லவேண்டும் போலிருந்தது. அன்று வியாழக்கிழமை. மனைவி பேசுவதற்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. ஏட்டில் 'உண்டு' என்று எழுதி, மை காயும்வரை அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் மிதியடி நனையவில்லை. இரண்டு பூட்டில் ஒன்றைக் கழற்றிப் போட்டுவிட்டார். அந்த ஞாயிறன்று மனைவி பேசியபோது சொல்ல வாயெடுத்தார். நாலு நாள் பழக்கம், நாளைக்கே மாறிவிட்டால் என்ன செய்வது என்று, மருந்து சாப்பிட்டதை மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மாதக் கடைசி நாள் காலை செயலாளர் கதவைத் திறந்து, மிதியடியைக் காலால் தடவிப் பார்த்தார்.

"காஞ்சுதான் இருக்கு. என்ன மந்திரம் போட்டீங்க?"

"மந்திரமில்ல. நான் பாக்கறதை விட்டுட்டேன்."

செயலாளருக்கு விளங்கவில்லை. "என்னவோ போங்க. இனிமே திருப்பி விடவேண்டாம், இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

கதவைச் சாத்திய கையோடு அவர் தொலைபேசியை எடுத்தார். மறுமுனையில் மனைவி பதறினாள்.

"என்னங்க? இன்னைக்கு ஞாயிறு இல்லையே? உடம்புக்கு ஏதாவதா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. சாம்பல் இப்பல்லாம் வெளியிலதான் போகுது. ஆறு நாளாச்சு. இங்கேயே இருக்கலாம்னு சொல்லிட்டாங்க."

"இதைச் சொல்லவா கூப்பிட்டீங்க?" அவள் சிரிப்பது கேட்டது. "எப்படிப் பழக்கினீங்க?"

"பழக்கலை. திரும்பி நின்னுக்கிட்டேன். நான் பாத்தா அதுக்கு வரமாட்டேங்குது. அவ்வளவுதான்."

சிரிப்பு நின்றது. எதிர்முனையில் குழாயில் தண்ணீர் கொட்டும் ஓசையும், பேத்தி எதையோ தேடி இரையும் ஓசையும் மட்டும் வந்தன.

"அப்படியா" என்றாள் கடைசியில். குழாய் மூடும் ஓசைக்குப் பின், "குழந்தைக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு. வைக்கட்டுமா?" என்றாள்.

"சரி. வை."

தட்டில் உணவை இட்டு அதன் இடத்தில் வைத்தார். வழக்கமாக இதற்குமேல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். இன்று போக மனமில்லை. நாற்காலியை இழுத்துச் சன்னலைப் பார்க்கப் போட்டு, முதுகைக் கூடத்துக்குக் காட்டி உட்கார்ந்தார். நெடுநேரத்துக்குப் பின் தட்டு தரையில் உரசியது. மெல்லும் ஓசை கேட்டது. நக்கி முடிக்கும் ஓசையும் கேட்டது. பிறகு தரையில் நகங்களின் ஓசை. அது தம் பக்கம் வருகிறதா, தன் மூலைக்குப் போகிறதா என்று அவரால் சொல்லமுடியவில்லை. கைகளை மடியில் கோத்துக்கொண்டு, சன்னலுக்கு வெளியே எதிலும் பார்வை நிலைக்காமல், அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.