கண்ணாடியின் அடி விளிம்பில் ஒரு மேடு

ஜவ்வாது மலையில் தொலைநோக்கிக் கண்ணாடி தேய்த்துக்கொண்டிருந்த எழுபதுகளில், என் உள்ளங்கையைப் பார்த்தாலே எனக்குப் பயமாக இருக்கும். கண்ணாடியில் கையைக் கொஞ்ச நேரம் வைத்தால் போதும், அந்தச் சூட்டுக்கு அந்த இடம் வீங்கிவிடும். வெறும் கண்ணுக்குத் தெரியாத வீக்கம்தான். ஆனால் நட்சத்திரத்தைப் பார்க்கும்போது காட்டிக்கொடுத்துவிடும். சோதனை அறைக்குள் பலமாக மூச்சுகூட விடக் கூடாது என்பது எங்கள் அதிகாரியின் உத்தரவு. இருமியதற்காக ஒருமுறை என்னை வெளியே துரத்தியிருக்கிறார். சிடுமூஞ்சி மனிதர், ஆனால் வேலையில் புலி.

நான் சொல்லப்போகும் கண்ணாடியை நிமிர்த்தி வைத்தால் என் நெஞ்சு உயரம் இருக்கும். விளிம்பைக் கடைசியாகத் தேய்த்தவன் நான். இந்த வேலையில் ஒரு கொடுமை உண்டு. மேடாக இருந்தால் தேய்த்துக் குறைக்கலாம். பள்ளமாகிவிட்டால் நிரப்ப வழியில்லை. முழுப் பரப்பையும் அந்தப் பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்க வேண்டும், மாதக்கணக்கில் செய்ததெல்லாம் வீண்.

கடைசிச் சோதனையன்று காலை அறையை இருட்டாக்கி, புள்ளி வெளிச்சம் ஒன்றை, நிமிர்த்தி வைத்திருந்த கண்ணாடிமேல் விட்டோம். திரும்பி வரும் ஒளியைப் பிளேடு விளிம்பால் மறைத்தபடி பார்த்தால், பரப்பின் மேடுபள்ளம் நிழலாகத் தெரியும். அதிகாரி பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். அடி விளிம்பில் மேடு. சரியாக நான் தேய்த்த இடம்.

"இன்னிக்கே தேய்ச்சு எறக்கிடு. நாளைக்கு மேலிடத்துல இருந்து பார்க்க வர்றாங்க," என்றார். அவர் குரல் நடுங்கியது. கோபம் என்று நினைத்தேன்.

மெருகுப்பொடி கரைக்கக் குழாயடிக்குப் போனேன். இனி என்னைக் கண்ணாடிப் பக்கமே விடமாட்டார்கள், சொந்த ஊரான சந்தவாசலுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று மனம் அடித்துக்கொண்டது. அங்கே எங்கள் அறைகளைப் பெருக்கும் அம்மாள் ஒரு தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா கரிண்ணா இது! எவ்ளோ தேய்ச்சாலும் போவ மாட்டேங்குது."

"எங்க இருந்துச்சு இந்தத் தட்டு?"

"கண்ணாடிக்குக் கீழதான். விடியக்காலைல பெரியவரு பூஜை போட்டாரு. கற்பூரம் கொஞ்சநஞ்சமா? அள்ளி வச்சிக் கொளுத்திட்டு, அது அணையற வரிக்கும் கும்பிட்டுனு நின்னாரு."

பொடியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

"சார், காலைல கண்ணாடிக்குக் கீழ கற்பூரம் ஏத்துனீங்களா?"

"அது சாமிக்குத்தானேப்பா," என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது.

கண்ணாடி ஆறட்டும் என்று அறையைப் பூட்டிவிட்டு வெளியே படியில் உட்கார்ந்தோம். மதியச் சோற்றைத் திறக்கவே இல்லை. கற்பூரம்தான் காரணம் என்று என்ன நிச்சயம்? என் கையாகவும் இருக்கலாம். அவர் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். அவருக்கும் பயம்தான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பொழுது சாயும் நேரத்தில் மறுபடி பார்த்தோம். மேடு இல்லை. நான் தேய்த்து விட்டபடியே இருந்தது விளிம்பு. காலையில் கை வைத்திருந்தால் இப்போது அங்கே பள்ளம் இருந்திருக்கும். குழாயடியில் போட்டுவிட்டு வந்த பொடியை நினைத்துக்கொண்டேன்.

அதிகாரி கண்ணாடியைப் பார்த்துக் கைகளைக் குவிக்கப் போனார். சட்டென்று நிறுத்தி, விறுவிறுவென்று அறையைவிட்டு வெளியே போனார். வாசலுக்கு அப்பால் தள்ளி நின்று, அங்கிருந்து கும்பிட்டார். நானும் போய் அவர் பக்கத்தில் நின்று கும்பிட்டேன்.