தாடி ஓணான்களுக்குப் பத்து நாள் மரக்கறி

ஒன்றைச் செய்யாதே என்று யாராவது சொன்னால், உடனே அதைச் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிற ஒருத்திக்கு இது நல்ல குணமில்லை. இதே குணத்தோடு வகுப்பில் இருந்த எத்தனையோ பேரை நான் வாங்குப் பலகையின் மேல் ஏற்றி நிற்க விட்டிருக்கிறேன். என்னை ஏற்றி விடத்தான் ஒருவரும் இருக்கவில்லை.

அன்றைக்கு யாழ்ப்பாணம் டவுனுக்குப் போனது மீன்தொட்டிக்கு ஒரு மோட்டர் வாங்க. மீனும் கிளியும் முயலும் விற்கிற அந்தக் கடையின் மூலையில், ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் இரண்டு ஓணான் குஞ்சுகள் இருந்தன. என் விரல் நீளம்தான். மணல் நிறம், கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன முள். அவுஸ்திரேலியாப் பக்கத்துச் சாதி, வளர்ந்தால் தாடி மாதிரிக் கழுத்தை ஊதிக் காட்டும் என்று கடைக்காரர் சொன்னார். வேலியில் ஓணானைக் கண்டால் கல்லைத் தேடுகிற ஊரில் பிறந்தவள் நான். ஆனால் இரண்டில் ஒன்று தலையைச் சரித்து, ஒரு கண்ணால் என்னை மேலும் கீழும் பார்த்தது. வீட்டுவேலை செய்யாமல் வந்துவிட்டு, ரீச்சர் கேட்பாவோ மாட்டாவோ என்று பார்க்கிற பிள்ளையின் பார்வை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டையும் தரச் சொன்னேன்.

கடைக்காரர் குருநகர்க்காரர், மீன் வாங்கப் போய்ப் பழக்கம். நாற்பது வயதிருக்கும், கழுத்தில் சின்னச் சிலுவை. பரம்பரையாகக் கடலுக்குப் போகிற குடும்பம், இவர் மட்டும் மீனைக் கண்ணாடித் தொட்டிக்குள் விட்டு விற்கிறார்.

"ஒண்டை மட்டும் கொண்டு போங்கோ ரீச்சர். ரெண்டும் வேணுமெண்டா ரெண்டு தொட்டி வேணும். உதுகளை ஒண்டா விடக் கூடாது."

"நீங்கள் ஒரே பெட்டிக்குள்ளதானே வைச்சிருக்கிறியள்?"

"அது விக்கிற மட்டும்தானே. வளர வளரப் பெரிசு சின்னனைக் கடிக்கும்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. இரண்டாவது தொட்டியைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அதோடு, பிரிப்பது என்ற கதையை யார் எடுத்தாலும் எனக்குப் பிடிக்காது. நாங்கள் ஐந்து சகோதரங்கள். இன்றைக்கு ஐந்து பேரும் ஐந்து இடத்தில் இருக்கிறோம்.

"கூடப்பிறந்ததுகளை எப்பிடித் தம்பி பிரிக்கிறது?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "அதுகளுக்கு அது தெரியாது ரீச்சர். சரி, உங்கடை விருப்பம். பூச்சியை மட்டும் ஒருநாளும் நிப்பாட்டிப் போடாதேங்கோ. குஞ்சுக்குப் பூச்சிதான் சாப்பாடு. இலை குழை எல்லாம் வளந்தாப் பிறகுதான்."

ஒரு துண்டில் தன் தொலைபேசி எண்ணை எழுதித் தந்தார். நான் அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு அச்சுவேலிக்கு பஸ் ஏறினேன். வீட்டில் என் கணவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இஞ்சாரும், வேலியில சும்மா ஓடுறதைக் காசு குடுத்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான். பகிடி விட்டுவிட்டு மறுநாளே ஒரு பழைய மீன்தொட்டியைக் கழுவி, மேலே பல்பு பூட்டித் தந்தவரும் அவர்தான்.

முதல் ஒரு மாதம் எங்கள் வீட்டில் வேறு கதையே இல்லை. குசினிக்குப் பின்னால் ஒரு பெரிய பேசினில் தவிடு போட்டு, முட்டை மட்டைகளை அடுக்கி, கடையில் வாங்கின சின்னக் கரப்பொத்தான்களையும் புழுக்களையும் வளர்த்தோம். கரப்பொத்தானைக் கண்டால் விளக்குமாறு தூக்குகிற நான், அவற்றுக்குக் கரட் சீவிப் போட்டேன். குஞ்சுகளுக்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. வந்த அன்று ஒரே அளவாக இருந்தவை, மூன்று கிழமைக்குள் பெரியது, சின்னது என்று ஆகிவிட்டன. அதுவே பெயராகவும் ஆகிவிட்டது. பூச்சியைப் போட்டால் பெரியது ஓடிவந்து பொறுக்கும். சின்னது மூலையில் நின்று, மிஞ்சினதைத் தின்னும். ஒரு வயிற்றுப் பிள்ளைகளிலும் ஒன்று கெட்டிக்காரன், ஒன்று கொஞ்சம் மந்தம் என்று நான் எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டேன். மந்தமான பிள்ளைக்குத் தனியாக இருத்திச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது வகுப்பில் எனக்குத் தெரியும். வீட்டில் தெரியவில்லை.

பல்பின் கீழே சின்னதின் முதுகில் ஏறிப் பெரியது படுத்துக்கொள்ளும். கண்ணை மூடிக்கொண்டு மணித்தியாலக் கணக்கில் அப்படியே கிடக்கும். நான் அதைப் படம் எடுத்து, நான்கு நாட்டிலும் இருக்கிற என் சகோதரங்களுக்கு அனுப்பினேன். எல்லாரும் இதயம் போட்டார்கள். என் கணவர் மட்டும் கண்ணாடிக்குக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "கீழ கிடக்கிறதுக்கு மூச்சு முட்டாதோ?" என்று கேட்டார்.

"உங்களுக்குப் பாசம் விளங்காது" என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் இருந்தது. பெரியது தலையை மேலும் கீழும் வேகமாக ஆட்டும். அப்போதெல்லாம் சின்னது ஒரு முன்கையைத் தூக்கி, காற்றில் மெதுவாக ஒரு வட்டம் போடும். பிறகு மற்றக் கை. வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரையும் கூட்டிப் போய் இதைத்தான் காட்டினேன். ஒன்று ஓம் ஓம் என்று தலையாட்டுகிறது, மற்றது கை காட்டுகிறது என்று சொல்லிச் சிரித்தேன். பெரியது வெருட்டுகிறது, சின்னது 'நான் உன்னோடு போட்டிக்கு வரவில்லை, என்னை விட்டுவிடு' என்று கெஞ்சுகிறது என்பதைப் பிந்தித்தான் வாசித்து அறிந்தேன். முதுகில் ஏறிப் படுத்ததும் பாசத்தால் இல்லை. பல்பின் சூடு முழுவதையும் மேலே இருப்பது எடுத்துக்கொள்கிறது. கீழே இருப்பதற்கு ஒன்றும் கிடைப்பதில்லை. அந்தப் படம் இன்னும் என் தொலைபேசியில் இருக்கிறது. அழிக்க மனமும் இல்லை, பார்க்கத் துணிவும் இல்லை.

அப்படியே இருந்திருந்தாலும் ஒருவேளை சின்னது தப்பியிருக்கும். ஆனால் கோயில் கொடியேற்றம் வந்தது.

எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழா பத்து நாள். ஐந்தாம் திருவிழா எங்கள் குடும்பத்தின் உபயம். அன்றைய பூசை, மேளம், அன்னதானம் எல்லாம் எங்கள் பொறுப்பு. கொடியேறும் முன்னரே வீடு கழுவி, மீன் மச்சம் சமைத்த சட்டிகளை எடுத்து ஒதுக்கி, பத்தாம் நாள் தீர்த்தம் முடியும்வரை மரக்கறிதான். சொந்தக்காரர் எல்லாரும் வந்து தங்குவார்கள். முக்கியமாகத் தெல்லிப்பழையிலிருந்து என் கணவரின் தமக்கை, என் மச்சாள், வருவா. ஆசாரத்தில் மச்சாள் ஒரு பிடி கூட. குசினிக்குப் பின்னால் ஒரு பேசின் நிறையக் கரப்பொத்தான் இருப்பதைக் கண்டால் இந்த வீட்டில் பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டா என்று நினைத்தேன்.

கொடியேற்றத்துக்கு முதல்நாள், பேசினைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குக் கொட்டிவிட்டேன். ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

விரதம் பிடிப்பவர் என் கணவர்தான். பத்து நாளும் ஒருபொழுது. அவர் மேல் பழியைப் போட்டால் எனக்கு இலேசாக இருக்கும், ஆனால் அவர் சொன்னது இதுதான்: "அதுகளுக்கு என்ன விரதம்? பேசினைக் கொட்டிலுக்குள்ள வைச்சிருக்கலாமே."

"பத்து நாள்தானே. இந்த வீட்டிலை இருக்கிறதுகள் இந்த வீட்டுச் சாப்பாட்டைத் தின்னட்டும்" என்றேன். சொன்ன எனக்கே அந்த வசனம் நன்றாக இருந்தது. முருங்கையிலையும் பூசணிக்காய்த் துருவலும் செவ்வரத்தம்பூவும் தட்டில் அழகாக வைத்தேன். படையல் வைக்கிற மாதிரித்தான் வைத்தேன்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் தொடவில்லை. பசித்தால் தின்னும் என்று விட்டேன். மூன்றாம் நாள் சின்னது ஒரு பூவிதழைக் கடித்துவிட்டு விட்டது. பெரியது தட்டுப் பக்கம் போகவே இல்லை. அது அசையாமல் நின்று சின்னதையே பார்த்துக்கொண்டிருந்தது. நானும் நின்று பார்த்துவிட்டு, உபயத்துக்கு மாலை கட்டப் போய்விட்டேன்.

ஐந்தாம் திருவிழா அன்று வீடு நிறைந்த சனம். மச்சாளைக் கூட்டிப் போய்த் தொட்டியைக் காட்டினேன். சின்னது கையைத் தூக்கிச் சுழற்றியது. ஒரு முறை இல்லை, விடாமல். "வணக்கம் சொல்லுது பாருங்கோ" என்று நான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை பல்பைப் போட்டபோது, சின்னதின் பின்காலில் இரண்டு விரல் இல்லை. வால் நுனியும் இல்லை. பெரியது கல்லின் மேல் ஏறிப் படுத்திருந்தது.

கைப்பையைக் கவிழ்த்து அந்தத் துண்டைத் தேடி எடுத்துக் கடைக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் பதறாமல் கேட்டார். எந்தக் கால், இரத்தம் நின்றதா, எவ்வளவு வால் போயிருக்கிறது. பிறகு, "பூச்சி ஒழுங்காக் குடுக்கிறனீங்கள்தானே?" என்றார்.

பக்கத்தில் மச்சாள் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தா. அவவின் காதில் விழ, பூச்சியைப் பற்றிக் கதைக்க எனக்கு விருப்பமில்லை. அதோடு இன்னொன்று, எழுதவே கூச்சமாக இருக்கிறது. நாள் முழுக்க மீனோடு நிற்கிற இந்த மனிசனுக்கு எங்கள் திருவிழாவும் விரதமும் என்ன விளங்கப் போகிறது என்ற ஒரு எண்ணம் எனக்குள் இருந்தது. முப்பது வருடம் படிப்பித்தவளின் புத்தி அது.

"ஓம், ஒவ்வொரு நாளும் ரெண்டு தரம்" என்றேன்.

"அப்ப சண்டையிலதான் ரீச்சர். உடனே வேறையா வையுங்கோ. காயத்துக்குப் போடுற அயடீன் மருந்தைத் தண்ணியில கலந்து பூசுங்கோ. பிறகு தொட்டுக் கரைச்சல் குடுக்காமல் பேசாமல் விடுங்கோ. வயித்தில சாப்பாடு இருக்கிறபடியா ரெண்டு மூண்டு நாள் தின்னாட்டியும் ஒண்டும் செய்யாது."

வயிற்றில் சாப்பாடு இருக்கிறபடியால். நான் அதைக் கேட்டுவிட்டு, சரி என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

சின்னதை ஒரு பழைய வாளிக்குள் துணி விரித்து, மேசை விளக்கின் கீழ் வைத்தேன். அது பேசாமல் கிடந்தது. அதன் தோல் இரண்டு பக்கத்திலும் மடிப்பு விழுந்து, கண் உள்ளே போனது. எட்டாம் நாள் காலை தலைக்குத் தோய்ந்துவிட்டுப் பூப்பறிக்க வளவுக்குள் இறங்கினேன். மிளகாய்க் கன்றில் ஒரு பச்சை வெட்டுக்கிளி இருந்தது. கையை நீட்டினால் எட்டும். அதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். தோய்ந்த உடம்பு, கையில் பூத்தட்டு, மறுநாள் தேர். இன்னும் இரண்டு நாள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். என் வாழ்க்கையில் செய்த பிழைகளை எல்லாம் ஒரு வரிசையில் நிறுத்தினால், இதைவிடப் பெரியவை எத்தனையோ இருக்கும். ஆனாலும் எனக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அந்த வெட்டுக்கிளி பறக்கக்கூட இல்லை.

தீர்த்தத்தன்று விடிய வாளிக்குள் பார்த்தேன். சின்னது செத்துக் கிடந்தது.

எல்லாரும் கோயிலுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். மச்சாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தா. நல்ல மனசோடுதான் சொன்னா: "கவலைப்படாதேங்கோ மச்சாள். பத்து நாளும் மரக்கறி திண்டு, தீர்த்தத்தண்டு போயிருக்கு. குடுத்து வைச்ச சீவன்."

"அது பட்டினியில செத்தது மச்சாள். நான்தான் பட்டினி போட்டனான்" என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். வாசலில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மச்சாள் கையை எடுத்துக்கொண்டா. என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டி எடுக்கப் போனார். அன்றைக்கு நான் தீர்த்தத்துக்குப் போகவில்லை.

எல்லாரும் போன பிறகு தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தேன். பெரியதின் மேல் முதலில் பயங்கரக் கோபம் வந்தது. கொண்டுபோய் வேலியில் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதன் விலா எலும்பு எண்ணலாம் போல் தெரிந்தது. பசித்த குஞ்சு தனக்கு முன்னால் அசைந்ததைக் கடித்திருக்கிறது. அதற்கு முன்னால் வேறு எதையும் அசைய விடாமல் செய்தவள் நான். அது இப்போதும் எங்களிடம் இருக்கிறது. தனித்தொட்டியில் கொழுத்துப்போய், ஒரு முழத்துக்குக் கிட்ட வளர்ந்திருக்கிறது. தனிமையில் வாடுகிற ஒரு அடையாளத்தையும் நான் காணவில்லை. துணை என்ற எண்ணமெல்லாம் என்னுடையதுதான்.

தீர்த்தத்துக்கு மறுநாள் முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போனேன். கடை திறந்தவுடன் பூச்சி கேட்டேன். அவர் தவிட்டுக்குள் கைவிட்டு அள்ளிக்கொண்டே, "சின்னன் எப்பிடி ரீச்சர்?" என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கோழிக்குக் கொட்டியது, தொலைபேசியில் பொய் சொன்னது, மிளகாய்க் கன்றில் இருந்த வெட்டுக்கிளி. அவர் அள்ளுவதை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டார்.

"அண்டைக்குச் சொல்லியிருந்தா நான் மோட்டச்சைக்கிள்ல கொண்டந்து, வெளியில நிண்டெண்டாலும் தந்திருப்பன்" என்றார். பிறகு திரும்பவும் பூச்சியை அள்ளத் தொடங்கி, "எங்கடை வீட்டிலையும் தவக்காலம் நாப்பது நாளும் மச்சம் இல்லை ரீச்சர். பூனைக்கு மட்டும் என்ரை மனிசி வேறை சட்டியில மீன் அவிச்சு வைக்கிறவ" என்றார்.

அவர் குரலில் குற்றம் சொல்கிற தொனி துளியும் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு ஏறி விழுந்து சண்டை பிடித்திருப்பேன். சண்டை பிடிக்க ஒருவரும் இல்லாமல், பூச்சிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கடைக்குள் நின்று அழுதேன்.