அத்தான் ஊற்றிய தண்ணீர்

என் அக்கா கணவருக்குத் தெருவில் வைத்த பெயர் தண்ணி லாரி. அவர் எதிரில் யாரும் சொல்வதில்லை. அவர் தலை மறைந்ததும் எல்லோரும் சொல்வோம். நான் சற்று உரக்கவே சொல்வேன்.

அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அதட்ட ஆட்கள் இருந்தார்கள். வீட்டில் புல்தரைதான் கிடைத்தது. போகிறவர் வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி கேட்டுக்கு உள்ளேயே போட்டிருந்தார். அந்தப் புல்லும் ஓரத்து ரோஜாச் செடிகளும் நான் கொடுத்தவை. காலை, மதியம், மாலை என்று அத்தான் ரப்பர் டியூப்போடு அங்கே நிற்பார். உச்சி வெயிலில் இலை மேல் பீய்ச்சுவார். அடைமழையில் ஒரு கையில் குடை, மறு கையில் டியூப். நேரில் பார்க்காதவர்கள் நான் கதை கட்டுவதாக நினைப்பார்கள்.

தண்ணீர்க் குழாய் இருப்பது பின்பக்கம், சமையலறைக்கு வெளியே. அதனால் அக்கா அங்கே காவல் நிற்க வேண்டும். அவர் வாசலில் இருந்து "திற!" என்றால் திறக்க வேண்டும், "மூடு!" என்றால் மூட வேண்டும். ஒரு நொடி தாமதமானால் "தூங்கிட்டியா?" என்று கேட்பார். வேலை இரண்டு பேருக்கு, பெருமை மட்டும் அவருக்கு.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்தது. அவள் இருப்பது வேறு ஊர். "அம்மா, நான் வேலைக்குத் திரும்பணும். கொஞ்ச மாசம் வந்து இரும்மா" என்று போனில் அழுதாள். போனை வைத்துவிட்டு அக்காவும் அழுதாள்.

அத்தான் அசையவில்லை. "நீ போயிட்டா குழாயை யாரு திறக்கிறது? புல்லு செத்துப்போயிடும்."

பேத்தியைவிடப் புல் பெரிதாகப் போயிற்று.

குளிர் வந்த பிறகு ஒருநாள் போயிருந்தேன். நான் செடி நர்சரி வைத்திருப்பவள். புல்லில் கால் வைத்ததும் செருப்பு சொதக்கென்று அமிழ்ந்தது. சேற்று நாற்றம். அங்கங்கே மஞ்சள் திட்டு. ரோஜா இலையெல்லாம் கரும்புள்ளி.

"அத்தான், குளிர்ல மண்ணு சீக்கிரம் காயாது. விரலை விட்டுப் பாருங்க, உள்ள காஞ்சிருந்தா மட்டும் காலையில ஊத்துங்க. வெயில் காலத்துலகூட தினமும் மேலாகத் தெளிக்கக் கூடாது. வாரத்துல ரெண்டு தடவை ஆழமா இறங்குற மாதிரி விட்டா, வேர் தண்ணியத் தேடிக் கீழ போகும். மழை பெய்ஞ்சா தொடவே வேணாம்."

"நாலு தொட்டி வித்துட்டா நீ பெரிய விஞ்ஞானியா? மஞ்சளா இருக்குன்னா தாகம்னு அர்த்தம்" என்றவர் உள்ளே பார்த்துக் கத்தினார். "ஏய், இன்னும் நல்லாத் திற!"

செவிடன் காதில் ஊதிய சங்கு. பின்பக்கம் ஓடினேன்.

"அக்கா, கொஞ்சமாத் திற. வேர் அழுகுது."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அவர் நல்லாத் திறக்கச் சொல்றாரே" என்று குழாயை முழுவதும் திருகிவிட்டாள். அவளையும் மனதுக்குள் திட்டிக்கொண்டே வீடு திரும்பினேன்.

குளிர் விடுவதற்குள் கதை முடிந்தது. அத்தான் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுக்க, புல் ஈரச் சாக்கு போலக் கையோடு வந்துவிட்டது. விழலுக்கு இறைத்த நீர் என்பார்கள். விழலாவது பிழைத்துக் கிடக்கும். அவர் என்னை வரவழைத்து, மட்டமான புல்லைத் தலையில் கட்டிவிட்டேன் என்று குதித்தார். அப்போது அக்கா பெட்டியோடு வெளியே வந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"பொண்ணு வீட்டுக்கு. அதான் புல்லு செத்துப்போச்சே, இனிமே குழாய் திறக்க ஆள் எதுக்கு?"

அத்தான் பெட்டியையும் சமையலறையையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் ஒரு கேள்வி வந்தது. "அப்போ என் சாப்பாடு?"

பேத்தியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்த மனிதரை என்னவென்று சொல்ல?

பேருந்து நிலையம்வரை நானே அக்காவை வண்டியில் கொண்டுபோய் விட்டேன். பொறுக்க முடியாமல் கேட்டேன். "வேர் அழுகுதுன்னு அன்னிக்கு அவ்வளவு சொன்னேனே, உனக்குப் புரியலையா?"

"நல்லாப் புரிஞ்சுது" என்றாள் அக்கா. "இத்தனை வருஷமா அவர் சொன்னதையெல்லாம் முணுமுணுத்துக்கிட்டே செஞ்சேன். இந்த ஒரு தடவைதான் சந்தோஷமா செஞ்சேன்."