நான் வைத்த சிவப்புப் பொட்டு

புது இரும்பில் மழை பட்டால் ஒரு வாடை வரும்... எங்கள் இஸ்டோருக்கு, அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்கு, கொழுந்து வாட்டும் மேல்மாடி எழும்பியபோது அந்த வாடை என் புடவையிலும் ஏறிவிட்டது.

ரயில் பதுளைக்கு வராத காலம். சீமையிலிருந்து வந்த இரும்புச் சட்டங்கள் பண்டாரவளையிலிருந்து மாட்டு வண்டியில் நமுனுகுல மலைக்கு வந்து சேர்ந்தன. அவற்றைப் பூட்டி நிறுத்திய பிட்டர் என் கணவர். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். கான்வென்டில் படித்தவள் என்ற கர்வம் எனக்கு உண்டு. இன்றும் குறையவில்லை.

அவர் நட்டின் ஒரு பக்கம் விரலை வைத்து, மறுபக்கம் சின்னச் சுத்தியலால் தட்டுவார். விரலில் அதிர்ந்தால் தளர்வு. பிறகுதான் ஸ்பேனரை எடுப்பார். வாய் தேய்ந்த ஸ்பேனர் நட்டின் முனையை மழுக்கும் என்று அதைத் தொடமாட்டார். சோதித்த ஒவ்வொரு நட்டிலும் சிவப்புப் பெயின்டால் ஒரு பொட்டு வைப்பார். எதற்கென்று நான் கேட்கவில்லை. தெரியாததைக் கேட்பது அப்போது எனக்குக் கௌரவக் குறைச்சல்.

ஆயுத பூசையன்று அவருக்குக் கடும் காய்ச்சல். அவருக்குப் பதிலாக இஸ்டோரில் பூசை வைக்க நான் போனேன். மேல்மாடியில் பாதி நட்டுகளில் பொட்டு இருந்தது, பாதியில் இல்லை. அரைகுறை எனக்கு ஆகாது. குங்குமம் இரும்பில் நிற்கவில்லை... அவருடைய பெயின்ட் டின் அங்கேயே இருந்தது. ஒரு நட்டு விடாமல் வைத்துவிட்டுத்தான் இறங்கினேன்.

அன்று மாலை தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை எங்கள் வாசலுக்கு வந்தார்.

"எல்லா போல்ட்டும் சிவப்பு. வெரி குட். நாளைக்குக் காலையில கொழுந்து ஏத்தலாம்."

அவர் போனதும் என் கணவர் தலையணையில் சாய்ந்தார். "மீதிய கருப்பையா பாத்து முடிச்சிட்டான் போல. நல்ல ஆளு. நான் ரெண்டு நாள் படுத்துக்கிறேன்."

கருப்பையா அவருடைய கையாள். அப்போதுதான் எனக்குப் பொட்டின் அர்த்தம் புரிந்தது. காலையில் கூடை சுமந்து பெண்கள் மேலே ஏறுவார்கள். பேசாமல் இருந்தால் இவர் படுத்திருக்கலாம், என் மானமும் தப்பும்...

"ஏங்க... அது கருப்பையா இல்ல. நான் வச்சது."

தலையணையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார்.

"ஒன்னுகூட விடலையா?"

"ஒன்னுகூட விடல."

"கான்வென்ட்டு அம்மா ஒரு வேலையும் குறையா விடமாட்டாங்களே!" சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

விடிந்ததும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஏறினார். எது சோதித்தது, எது நான் பூசியது என்று தெரியாததால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தட்ட வேண்டியிருந்தது. நான் பின்னால் ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

"அது வேணாம், கட்டை ஸ்பேனர் குடு. கைப்பிடி நீளமா இருந்தா நம்ம முறுக்குறது நமக்கே தெரியாது, போல்ட்டு ஒடஞ்சிரும்."

கீழே கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் காத்து நின்றார்கள். அவர்களில் பூவாயி கத்தினாள்: "பிட்டரய்யா, கொழுந்து சூடேறுது! நாங்க ஏறவா, இல்ல வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிடுவீங்களா?"

துரை ஓடி வந்து சத்தம் போட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார்.

"எனக்குத்தாங்க சந்தேகம் தொரே. காய்ச்சல்ல சரியா பாக்கல."

பெண்கள் ஏறும் படிக்கு மேலே, முதல் உத்தரத்தில், மூன்று நட்டுகள் விரலாலேயே சுழன்றன. மூன்றிலும் என் பொட்டு. கழன்றிருந்தால் பூவாயி தலையில்தான்.

வேலை தாமதமானதற்கு அந்த மாதம் அவருக்கு அரைச் சம்பளம். காய்ச்சல் விட மூன்று வாரம் ஆனது. ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை. அடுத்த வருடம் மேல்மாடியில் பூசை ஏன் இல்லை என்று கங்காணி கேட்டபோதும், "தொரை வேணாம்னுட்டாரு" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அவர் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. இப்போது என் பேரப்பிள்ளைகள், "பாட்டி ஒரு தப்பும் பண்ணினதே இல்ல" என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. எனக்காகப் பொய் சொல்ல அன்று ஒருவர் இருந்தார். இன்று ஆள் இல்லை... நானே எழுதிவிட்டேன்.