ரூபி அக்காவின் மணிப்ளான்ட்

திருப்பதியிலிருந்து ரூபி அக்காவின் மகள் ஷீலா போன் செய்தபோது நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "ஆன்ட்டி, அம்மா பூட்டாங்க" என்றாள். பிழிந்த துணியையே மறுபடி பிழிந்துகொண்டு நின்றேன்.

சித்தூரில் நம் சபைப் பெண்கள் எல்லாருக்கும் ரூபி அக்காவைத் தெரியும். அவர் வீட்டுக் கூடத்தில், தென்னை நார் சுற்றிய கம்பைப் பிடித்துக்கொண்டு நிலைவரை ஏறியிருந்த மணிப்ளான்டையும் தெரியும். பச்சையில் வெள்ளை தீற்றிய இலைகள், நடுநடுவே முழு வெள்ளையாகவும் சில. பாகாலா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் அவர் கணவர் ஒரு துண்டுக் கொடியாகக் கொண்டுவந்து நட்டது. கணவர் போன பிறகு அக்கா அதில் தூசு படிய விட்டதில்லை. பழைய பனியன் துணியை நனைத்து இலை இலையாகத் துடைப்பார்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் அக்கா கொஞ்சம் கிறுக்கு. மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்க்காமல் ஒரு சொட்டு ஊற்ற மாட்டார். யார் வீட்டுக்குப் போனாலும் இதே வேலைதான். என் மாமியாருக்காக ஜெபிக்க வந்தார். ஆமென் சொல்லி நான் கண்ணைத் திறந்தால், எங்கள் தொட்டிக்குள் அவர் விரல்! "சேறா கீது ஸ்டெல்லா. வேரு அழுவிப் பூடும். பாசம்னா தண்ணியா ஊத்திக்கினே இருக்கறதா?" என்றார். படுத்திருந்த மாமியாரே சிரித்துவிட்டார்.

இனி சொல்லப்போவது உங்களில் யாருக்கும் தெரியாது. ஏழெட்டு வருஷம் முன்பு, ஷீலாவின் பிரசவத்துக்கு அக்கா திருப்பதி போனார். வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. அந்த ஈஸ்டருக்கு சர்ச்சில் ஆல்டர் மேடை அலங்காரமும் என் பொறுப்பு. ஈஸ்டர் என்றால் வெள்ளைதானே! செடியை ஆல்டர் பக்கத்தில் வைக்க ஆசைப்பட்டு, பச்சை தெரிந்த இலைகளை எல்லாம் நறுக்கித் தள்ளினேன். சுத்தமாக வெளுத்தவற்றை மட்டும் விட்டேன். புதுச் செடியா என்று நீங்கள் கேட்டீர்கள். வெட்கமில்லாமல் தலையாட்டினேன். இரண்டே வாரத்தில் அந்த வெள்ளை இலைகள் ஓரம் கருகி, ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தன.

அக்கா திரும்பி வந்து செடி முன்னால் நின்றார். "நான்தான்கா" என்றேன். உதிர்ந்து கிடந்த இலைகளைப் பொறுக்கி எடுத்தார். பிறகு, "பச்சைதான்டி வேலை செஞ்சி சோறு போடுது. வெள்ளை சும்மா உக்காந்துக்கினு துன்னுது. சம்பாதிக்கிறத எல்லாம் வெட்டிட்டு, துன்றத மட்டும் வெச்சிக்கினியே" என்றார். கத்தரியை என் கையிலேயே கொடுத்து, கணுவுக்கு மேலே கொடியை வெட்டச் சொன்னார். முழ நீளத்துக்கு மொட்டைத் தண்டுதான் மிஞ்சியது. தினமும் போய்ப் பார்ப்பேன். காபி கொடுப்பார்; செடியைப் பற்றிப் பேச மாட்டார். மாம்பழ சீசன் முடிகிற சமயத்தில் ஒரு கணு முளைவிட்டது. முதல் இலை முழுப் பச்சை. இரண்டாவதில் ஒரு வெள்ளைக் கீற்று. அக்கா என் முதுகில் பட்டென்று ஒரு அடி வைத்தார். மன்னித்துவிட்டார் என்று அப்போதுதான் நம்பினேன்.

போன வாரம் அடக்கம் முடிந்து அக்கா வீட்டுக்கு வந்தோம். ஷீலா அந்தச் செடியைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "கொழந்த பொறந்தப்பறம் ஒருநாள் வந்து பாத்தா, அம்மா இத மொட்டையா வெட்டி வெச்சிருந்தாங்க ஆன்ட்டி. நைனா வெச்ச செடியாச்சே, உனுக்கு மனசே இல்லியான்னு கத்திட்டேன். மூணு மாசம் மூஞ்சி குடுத்துப் பேசல. 'ஆமா, நான்தான் வெட்டினேன், புத்தியில்லாம'ன்னாங்க. வேற ஒரு வார்த்த சொல்லல."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "உங்கம்மா இல்லடி, நான்தான் வெட்டினேன்" என்றேன். ஷீலா என் மடியில் முகம் புதைத்து, அம்மா அம்மா என்று அழுதாள்.

செடி அவளோடு திருப்பதிக்குப் போகிறது. போகட்டும், அது அவள் அப்பாவுடையது. ரூபி அக்காவிடமிருந்து எனக்கென்று இருப்பது, என்மேல் விழவேண்டிய கோபத்தை அவர் தன் மகளிடம் வாங்கிக்கொண்ட அந்த மூன்று மாதம்.